கம்பி மறைந்த புலி: ஜூ படத்தை எப்படிப் பார்ப்பது?

உயிரியல் பூங்கா வேண்டுமா வேண்டாமா என்று எங்கே பேச்சு எழுந்தாலும், ஒரு கட்டத்தில் யாராவது ஒரு படத்தைக் கொண்டுவந்து போடுவார்கள். ஒரு பக்கம், பச்சைப் பின்னணியில் பளபளவென்று நிற்கும் புலி, "எவ்வளவு நன்றாக வைத்திருக்கிறார்கள் பாருங்கள்". மறுபக்கம், கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்க்கும் ஒராங்குட்டான், "அந்தக் கண்ணில் எவ்வளவு சோகம் பாருங்கள்". இரண்டு தரப்பும் படத்தைச் சாட்சிக்கூண்டில் ஏற்றுகிறது, ஆனால் கேட்கப்படும் கேள்விக்குப் படத்திடம் பதிலே இல்லை. அந்தப் புலி நன்றாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஒராங்குட்டான் வேதனையில் இருக்கலாம், சாப்பாடு வரும் கதவை வெறுமனே பார்த்துக்கொண்டும் இருக்கலாம்.

ஏன் அப்படி என்று புரிய இரண்டு விஷயம் தெரிந்தால் போதும்: லென்ஸ் கம்பியை எப்படி மறைக்கிறது, அடைபட்ட விலங்கின் கஷ்டம் எந்த வடிவத்தில் வெளிப்படுகிறது. முதலாவது இயற்பியல், இரண்டாவது விலங்கு நடத்தை. இரண்டும் ஓர் இடத்தில் சந்திக்கின்றன, அந்த இடத்தைக் காட்டத்தான் இந்தக் கட்டுரை.

கம்பி எங்கே போகிறது?

ஜன்னலில் அடித்திருக்கும் கொசுவலைக்குப் பக்கத்தில் கண்ணைக் கொண்டுபோய் வைத்து, தெருவைப் பாருங்கள். வலை கிட்டத்தட்ட காணாமல் போய்விடும். நாலடி பின்னால் வந்தால் திரும்பவும் கட்டம் கட்டமாகத் தெரியும். வலை மாறவில்லை, தூரம்தான் மாறியது.

கேமராவிலும் இதேதான், அளவு மட்டும் பெரியது. லென்ஸுக்குள் ஒளி நுழையும் வாசல் ஒன்று இருக்கிறது, அதற்கு அபெர்ச்சர் என்று பெயர். அதைப் பெரிதாகவும் சிறிதாகவும் ஆக்கலாம். 200 மி.மீ. ஜூம் லென்ஸில் எஃப் 2.8 என்று வைத்தால் அந்த வாசல் சுமார் 71 மி.மீ. அகலம், ஏறக்குறைய ஒரு உள்ளங்கை அளவு. எஃப் 11 என்று வைத்தால் வெறும் 18 மி.மீ. (200-ஐ அந்த எண்ணால் வகுத்தால் வருவதுதான் இந்த அகலம், அதனால்தான் எண் கூடக்கூட வாசல் சுருங்குகிறது.)

இப்போது 3 மி.மீ. தடிமனுள்ள கம்பிவலை லென்ஸை ஒட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புலியின் மூக்கு நுனியிலிருந்து கிளம்பும் ஒளி ஒரே கோடாக வருவதில்லை, விரிந்து வந்து அந்த 71 மி.மீ. வாசல் முழுவதிலும் விழுகிறது. கம்பி அதில் பத்தில் ஒரு பங்கை மறைத்தால் மீதி ஒன்பது பங்கு கம்பியின் இருபுறமும் உள்ளே போய் மறுபடி ஒரே புள்ளியில் சேர்ந்துவிடும். ஆக மூக்கு முழுசாகத் தெரிகிறது, கொஞ்சம் மங்கலாக, அவ்வளவுதான். கம்பியோ குவியத்துக்கு, அதாவது லென்ஸ் துல்லியமாகக் காட்டும் தூரத்துக்கு, வெகு முன்னால் இருப்பதால் அதன் உருவம் படம் முழுக்கப் பரவிக் கரைந்துபோகிறது. வாசலை 18 மி.மீ. ஆக்கிவிட்டால் இந்த வித்தை பலிக்காது, படத்தில் நிழல் பட்டைகள் வரும். வெயில் நேராகக் கம்பியில் விழுந்தாலும் கெட்டுவிடும், கரைந்த கம்பி வெள்ளைப் புகையாய்ப் படத்தின் மேல் படியும். அதனால்தான் பழக்கமுள்ளவர்கள் நிழலில் இருக்கும் வலையைத் தேடிப் போகிறார்கள், அல்லது கையால் வலைக்கு நிழல் கொடுக்கிறார்கள்.

மொபைலில் கதையே வேறு. அதன் லென்ஸ் வாசல் சில மி.மீ.தான், கம்பியே அதை மூடிவிடும். ஆனால் அவ்வளவு சிறியதாக இருப்பதால் வலையின் ஓட்டைக்கு நேராக லென்ஸை வைத்துவிடலாம், பிரச்சினை முடிந்தது.

இந்த வித்தைக்கு ஒரு நிபந்தனை உண்டு, எல்லாமே அதில்தான் இருக்கிறது. லென்ஸ் வலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், விலங்கு வலையிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். புலி வலையை உரசிக்கொண்டு நின்றால் புலியும் கம்பியும் ஒரே தூரத்தில் இருக்கும், புலி துல்லியமாக விழுந்தால் கம்பியும் துல்லியமாக விழும். எந்த விலையுள்ள லென்ஸாலும் அதை மாற்ற முடியாது.

சுருக்கமாக: பெரிய வாசல், ஒட்டி நிற்கும் லென்ஸ், தள்ளி நிற்கும் விலங்கு, இந்த மூன்றும் சேர்ந்தால் கம்பி மறையும். விலங்கு வேலியோரம் வந்துவிட்டால் மறையாது.

கேமராவுக்கு முன்னாலேயே மறைத்தவர்கள்

கம்பியை மறைக்கும் ஆசை லென்ஸோடு பிறந்ததில்லை. கார்ல் ஹாகன்பெக் என்ற ஜெர்மானிய விலங்கு வியாபாரி 1907-ல் ஹாம்பர்க் அருகே ஸ்டெல்லிங்கனில் ஒரு பூங்கா திறந்தார். அங்கே கம்பிக்குப் பதில் அகழி. முன்னால் பறவைகள், பின்னால் சிங்கங்கள், அதற்கும் பின்னால் செயற்கைப் பாறை, நடுவில் இருக்கும் பள்ளங்கள் பார்வையாளர் கண்ணில் படாதபடி அமைப்பு. நிற்பவருக்கு எல்லாம் ஒரே நிலப்பரப்பு மாதிரி தெரியும். இன்றைக்கு நாம் பார்க்கும் திறந்தவெளி அடைப்புகள் பெரும்பாலும் இந்த யோசனையின் பிள்ளைகள்தான்.

கம்பியை எடுத்தது நல்ல மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அகழியால் மாறியது முதலில் நம் பார்வை. சிங்கம் நடக்கக் கிடைத்த இடம் கூடியதா என்பது தனிக் கேள்வி, அதைக் கேட்கும் பழக்கம் இல்லாமல் போனதற்கு அந்த அழகான காட்சியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஒரு நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு

அடைபட்ட விலங்கு கஷ்டப்படுகிறதா என்று பார்க்க ஆராய்ச்சியாளர்கள் தேடும் முக்கியமான அடையாளங்களில் ஒன்று ஸ்டீரியோடிப்பி. ஒரே அசைவை, மாற்றமே இல்லாமல், வெளிப்படையான நோக்கம் எதுவுமின்றித் திரும்பத் திரும்பச் செய்வதுதான் அது. புலி ஒரே தடத்தில் முன்னும் பின்னும் நடப்பது, யானை நின்ற இடத்திலேயே தலையை ஆட்டிக்கொண்டிருப்பது, ஒட்டகச்சிவிங்கி வேலியையும் சுவரையும் நக்கிக்கொண்டே இருப்பது, எல்லாம் இந்த வகை. "யானை டான்ஸ் ஆடுது" என்று குழந்தைக்குக் காட்டுகிறோமே, பல நேரம் அது இதுதான்.

இந்த வரையறையில் "திரும்பத் திரும்ப" என்ற பகுதியைக் கவனியுங்கள். ஜூவில் ஓடும் விலங்கை எடுக்க ஷட்டர் வேகத்தை, அதாவது கேமரா ஒளியை உள்ளே விடும் நேரத்தை, நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு என்று வைப்போம். அந்தத் துணுக்கு நேரத்தில் "திரும்ப" என்பதற்கே இடமில்லை. நடக்கும் புலியைத்தான் படம் காட்டும், அது எத்தனையாவது நடை என்பதைக் காட்டாது.

நியூயார்க் சென்ட்ரல் பார்க் ஜூவில் கஸ் என்று ஒரு பனிக்கரடி இருந்தது. 1994-ல் அது செய்திகளில் அடிபட்டதற்குக் காரணம், குளத்தில் எட்டு போட்டபடி மணிக்கணக்காக நீந்திக்கொண்டே இருந்ததுதான். அந்தக் குளத்தின் கண்ணாடி வழியாக ஒரு படம் எடுத்தால் என்ன வரும் என்று யோசியுங்கள்: நீலத் தண்ணீர், விரிந்த பாதம், உடம்போடு ஒட்டிய வெள்ளை முடி, மூக்கிலிருந்து ஏறும் குமிழிகள். பார்க்கிறவர்கள் ஆனந்தமாக நீந்துகிறது என்பார்கள். அடுத்த சுற்றில் எடுத்தாலும் அதே படம், அதற்கடுத்த சுற்றிலும் அதே. அந்த ஒற்றுமையே நோய்க்குறி, அது ஒற்றைப் படத்தில் அகப்படாது. பூங்கா ஒரு விலங்குப் பயிற்சியாளரை அழைத்து, உணவைத் தேடி எடுக்க வைக்கும் பொருட்கள், விளையாட்டுச் சாமான்கள் என்று ஏற்பாடு செய்தது. இந்த மாதிரி வேலைக்கு என்ரிச்மென்ட் என்று பெயர், அதாவது விலங்கின் நாளில் அதுவாகத் தேட, முடிவெடுக்க, முயல ஏதாவது இருக்கும்படி செய்வது. கஸ் நீந்துவது குறைந்தது, முழுசாக நிற்கவில்லை.

சரி, அப்போது நடை போடும் ஒவ்வொரு விலங்கும் இப்போது வேதனையில் இருக்கிறதா? அப்படியும் முடிவுகட்ட முடியாது. பழைய மோசமான கூண்டில் தொற்றிய பழக்கம் நல்ல இடத்துக்கு வந்த பிறகும் தழும்பு மாதிரி தங்கிவிடுவதுண்டு. சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் மட்டும் நடை போடும் விலங்குகளும் உண்டு. பராமரிப்பாளரைக் கேட்டால் பெரும்பாலும் சொல்வார்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். புலியும் சிறுத்தையும் இப்படி நடை போடும் தடம் பெரும்பாலும் எங்கே இருக்கிறது? வேலியோரமாக. புல் தேய்ந்து மண் தெரியும் ஒற்றையடிப் பாதை வேலிக்கு இணையாக ஓடுவதைப் பல அடைப்புகளில் பார்க்கலாம். கம்பியை மறைக்கும் வித்தை தோற்கும் இடமும் அதேதான். அதனால் நல்ல படம் வேண்டும் என்று நிற்பவர், விலங்கு வேலியை விட்டு உள்ளே போகும்வரை காத்திருப்பார், அது பாறை மேல் ஏறிப் படுத்ததும் எடுப்பார். பொய் சொல்ல வேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை. ஆனாலும் வீட்டுக்குப் போய் ஆல்பத்தைத் திறந்தால் அதில் வேலியோர நடை ஒன்றுகூட இருக்காது. லென்ஸே அதைச் சலித்து எறிந்துவிடுகிறது.

சுருக்கமாக: கஷ்டத்தின் அடையாளம் நேரத்தில் பரவிக்கிடக்கிறது, படம் நேரத்தை வெட்டிவிடுகிறது. போதாததற்கு, அந்த அடையாளம் அடிக்கடி தெரியும் இடத்தில் அழகான படம் அமைவதில்லை.

முகத்தைப் படிக்கலாமா?

முடியும், ஆனால் மனித முகத்தைப் படிக்கிற மாதிரி படித்தால் தப்பாகிவிடும். சிம்பன்ஸி பல்லெல்லாம் தெரிய இளிப்பது பெரும்பாலும் பயத்தின் அல்லது அடங்கிப்போவதன் முகம். அது விளையாடும்போது வாய் தளர்ந்து திறந்திருக்கும், மேல் பற்கள் உதட்டுக்குள் மறைந்திருக்கும். டால்பினின் சிரிப்பு தாடையின் வடிவம், செத்தாலும் அப்படித்தான் இருக்கும். தேவாங்கு இனத்தைச் சேர்ந்த ஸ்லோ லோரிஸைக் கிச்சுக்கிச்சு மூட்டும் வீடியோ ஒன்றைக் கோடிக்கணக்கானோர் ரசித்தார்கள், அது கையை மேலே தூக்குவது சுகத்தில் இல்லை. அதன் மேல்கையின் உட்புறத்தில் சுரப்பி இருக்கிறது, அதை எச்சிலோடு சேர்த்தால் விஷம், கையைத் தூக்குவது அதை வாய்க்கு எட்டவைக்கும் தற்காப்பு.

இந்தத் தப்பான வாசிப்பு உயிரோடும் விளையாடும். 2007 மே மாதம் ராட்டர்டாம் ஜூவில் பொகிட்டோ என்ற கொரில்லா அகழியைத் தாண்டி வெளியே வந்து ஒரு பெண்ணைக் கடுமையாகத் தாக்கியது. அவர் அடிக்கடி வந்து அதைக் கண்ணோடு கண் பார்த்துப் புன்னகைத்தவர், அதுவும் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறது என்று அன்போடு நம்பியவர். கொரில்லாக்களுக்கிடையே நேராக முறைத்துப் பார்ப்பது மிரட்டல். கண்ணாடியில் லென்ஸை ஒட்டி வைத்துக்கொண்டு "இந்தப் பக்கம் பார், பார்" என்று நிற்கிறவர்கள் இதை ஒருமுறை நினைக்கலாம்.

எல்லா விலங்குக்கும் ஒரே கணக்கா?

இங்கேதான் பொதுவாகப் பேசுவது உதவாமல் போகிறது. ஜூ நல்லதா கெட்டதா என்று மொத்தமாகக் கேட்பதைவிட, எந்த விலங்குக்கு, எந்த அடைப்பு, எதற்காக என்று கேட்பதுதான் சரியான வழி.

2003-ல் ரோஸ் கிளப், ஜார்ஜியா மேசன் என்ற இருவர் அடைப்பில் வாழும் ஊனுண்ணிகளை ஒப்பிட்டு 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். காட்டில் பரந்த வட்டாரத்தில் அலையும் இனங்களிடம்தான் ஸ்டீரியோடிப்பியும் குட்டிகள் இறப்பதும் அதிகம் என்று கண்டார்கள். வேட்டையாட முடியாததைவிட அலைய முடியாததே பெரிய காரணமாகத் தெரிந்தது. வழக்கமான பனிக்கரடி அடைப்பு, காட்டில் அதன் குறைந்தபட்ச வட்டாரத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பது அவர்கள் தந்த கணக்கு. குறுகிய இடத்திலேயே வாழ்ந்து பழகிய இனத்தை அதோடு ஒன்றாக வைத்துப் பேசுவது நியாயமில்லை.

இன்னொரு விஷயம், இடத்தின் பரப்பைவிட உள்ளே என்ன இருக்கிறது என்பது. பெர்ன், பேசல், சூரிச் ஜூக்களை நடத்திய ஹைனி ஹெடிகர் என்ற சுவிஸ் விலங்கியலாளர் ஓடும் தூரம் என்ற கருத்தை விளக்கினார். நீங்கள் நெருங்கும்போது எந்த எல்லையில் விலங்கு விலகி ஓடுமோ அந்தத் தூரம். ஒரு கூண்டின் ஆழம் அதைவிடக் குறைவாக இருந்தால் விலங்குக்கு ஓடவும் இடமில்லை, நீங்களும் நகர மாட்டீர்கள், நாள் முழுக்க அதே நிலை. மறைந்துகொள்ள இடம் இருந்தால் இந்த நெருக்கடி குறைகிறது. அதனால், "காசு கொடுத்து உள்ளே போனேன், சிறுத்தை கண்ணிலேயே படவில்லை" என்று யாராவது குறைசொன்னால், அந்தச் சிறுத்தைக்கு அது நல்ல செய்தி என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

எதற்காக அடைத்து வைக்கிறோம்?

சில இனங்கள் இன்று இருப்பதற்கே அடைப்புதான் காரணம், இதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். கலிஃபோர்னியா காண்டோர் கழுகுகள் 1982-ல் 22 மட்டுமே மிஞ்சின. 1987-ல் காட்டில் இருந்த கடைசிப் பறவையையும் பிடித்து ஜூக்களில் இனப்பெருக்கம் செய்து, 1992 முதல் திரும்ப விட்டார்கள். இப்போது காட்டிலும் அடைப்பிலுமாக எண்ணிக்கை 500-ஐத் தாண்டிவிட்டது. அரேபிய ஓரிக்ஸ் மான் 1972-ல் காட்டில் அற்றுப்போனது, அதற்குப் பத்து வருடம் முன்பே சிலவற்றைக் காப்பாற்றி அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் ஜூவுக்குக் கொண்டுபோயிருந்ததால் 1982-ல் ஓமனில் மீண்டும் விட முடிந்தது. அப்புறம் அங்கே திருட்டு வேட்டை பெருகி, எண்ணெய்க்காகச் சரணாலயத்தின் பரப்பும் சுருக்கப்பட்டு, 2007-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்தே நீக்கியது. ஜூ இனத்தைப் பாதுகாத்துக் கொடுக்கலாம், திரும்பிப் போக ஒரு காடு வேண்டுமே.

வெள்ளைப் புலியின் கதை இதற்கு நேரெதிர். அது தனி இனம் கிடையாது, நிறத்தைக் குறைக்கும் ஒரு மரபணு மாற்றம் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் பிறக்கும் வங்கப் புலிதான். 1951-ல் ரேவா மகாராஜா பிடித்த மோகன் என்ற குட்டியிலிருந்துதான் உலக ஜூக்களில் உள்ள வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவை வந்தன. அந்த வெள்ளை நிறம் வேண்டும் என்று மோகனை அதன் சொந்த மகள் ராதாவோடு சேர்த்தார்கள், 1958-ல் வெள்ளைக் குட்டிகள் பிறந்தன, நெருங்கிய உறவுக்குள் இணைசேர்ப்பது அப்படியே தொடர்ந்தது. மாறுகண் அவற்றிடம் சகஜம். காட்டுக்குத் திருப்பி விடும் திட்டம் எதுவும் இந்த இனப்பெருக்கத்தின் பின்னால் இல்லை, பார்க்கக் கூட்டம் வரும், படம் எடுப்பார்கள், அதுதான் காரணம். அமெரிக்க ஜூக்களின் சங்கம் 2011-ல் தன் உறுப்பினர்கள் இப்படிச் செய்வதைத் தடுத்தது. நம் கேமராவின் ஆசை ஒரு விலங்கின் உடம்பில் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட வெளிப்படையான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

குட்டிகளோடு படம் எடுப்பதும் இதே கணக்குதான். புலிக்குட்டியை மடியில் வைத்துக்கொள்ள முடிவது சில வாரங்கள் மட்டும், அதன் பிறகு அடுத்த குட்டி வேண்டும், பழைய குட்டி எங்கோ போக வேண்டும். 2017-ல் இன்ஸ்டாகிராம் இம்மாதிரிப் படங்களுக்கான தேடல்களில் எச்சரிக்கை காட்டத் தொடங்கியது, 2022-ல் அமெரிக்கா பெரும்பூனைகளைப் பொதுமக்கள் தொடுவதையே சட்டத்தால் தடுத்தது. தொடவிடும் இடத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை.

சுருக்கமாக: இனத்தைக் காப்பதற்கான அடைப்பும், காட்சிக்கான அடைப்பும் வெளியிலிருந்து ஒரே மாதிரி தெரியும். படத்தில் இன்னும் ஒரே மாதிரி தெரியும்.

அப்போது படம் எடுக்கலாமா?

எடுக்கலாம், எடுங்கள். குவாகா என்ற வரிக்குதிரை வகை 1883-ல் ஆம்ஸ்டர்டாம் ஜூவில் கடைசியாகச் செத்தது. உயிரோடு படம்பிடிக்கப்பட்ட ஒரே குவாகா லண்டன் ஜூவில் இருந்த ஒரு பெண் விலங்கு, 1860-களையும் 1870-ஐயும் ஒட்டி எடுத்த ஐந்தே படங்கள். அந்த இனம் உயிரோடு எப்படி நின்றது என்பதற்கு உலகத்திடம் இருக்கும் புகைப்படச் சான்று அவ்வளவுதான். எந்த ஜூ, எந்த விலங்கு என்று தெரிந்திருப்பதால்தான் அவை இன்றும் பயன்படுகின்றன.

தப்பு நடப்பது விவரத்தை மறைக்கும்போது. 2009-ல் ஆண்டின் சிறந்த காட்டுயிர்ப் புகைப்படம் என்று லண்டனில் பரிசு வாங்கிய படம் ஒன்றில், ஓநாய் இரவில் மரக்கதவைத் தாண்டிக் குதிக்கும். அது பழக்கப்பட்ட அடைப்பு ஓநாயாகத்தான் இருக்க வேண்டும் என்று நடுவர்கள் முடிவுசெய்து அடுத்த ஜனவரியில் பரிசைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். எடுத்தவர் அதை மறுத்தார். படத்தின் அழகு அன்றும் அப்படியே இருந்தது, அதோடு வந்த கதையின் மீதுதான் நம்பிக்கை போனது. காட்டுப் படத்துக்காக மாதக்கணக்கில் காத்துக் கிடப்பவர்களுக்கும் இது அநியாயம், பார்க்கிறவர்களுக்கும் அநியாயம், ஏனென்றால் இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு தெளிவாகக் காட்டு விலங்கைப் பார்க்கலாம் என்று நம்பி ஜீப்பை விரட்டச் சொல்கிறவர்கள் உருவாகிறார்கள்.

எடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம், விலங்கு திடுக்கிடும், கண்ணாடியிலும் பட்டுத் திரும்பிப் படத்தையும் கெடுக்கும். கண்ணாடியைத் தட்டாதீர்கள், விசில் அடிக்காதீர்கள். எடுத்ததும் அடுத்த கூண்டுக்கு ஓடாமல் கேமராவை இறக்கிவிட்டு அதே விலங்கை அரை மணி நேரம் பாருங்கள், படம் சொல்லாததைச் சொல்லக்கூடியது அந்த அரை மணி நேரம்தான். கம்பி மறைந்த படத்தோடு கம்பி தெரியும் படம் ஒன்றும், தள்ளி நின்று அடைப்பு முழுசும் தெரியும் படம் ஒன்றும் எடுத்து வையுங்கள், மூன்றையும் சேர்த்தே வெளியிடுங்கள்.

படத்தின் கீழே எழுதுவது நாலு விஷயம் போதும்: என்ன இனம், எந்தப் பூங்கா, என்றைக்கு எடுத்தது, அடைப்பில் உள்ளது என்ற சொல். அங்கேயே பிறந்ததா, காயத்தோடு மீட்கப்பட்டதா என்று தெரிந்தால் அதையும் சேருங்கள். கூண்டுக்கு முன்னால் இருக்கும் பலகையில் பெரும்பாலும் இது எழுதியிருக்கும், விலங்கை எடுப்பதற்கு முன் பலகையை ஒரு படம் எடுத்துவிட்டால் பிறகு தேட வேண்டியதில்லை.